கழுத்தெலும்புக்குள் ஒரு குறுகிய வழி

ஓசூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் நான். நோயாளிகளை நேரில் பார்ப்பது குறைவு. அன்று என் அறையில் ஏசி பழுதாகி வெளியே உட்கார்ந்திருந்ததால்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

பேரிகை ஊர்ப் பக்கத்திலிருந்து கணவரோடு வந்திருந்தாள். கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. நடை தடுமாறுகிறது என்று அவளுடைய டாக்டர் இடுப்பு எம்.ஆர்.ஐ. எழுதியிருந்தார். ஸ்கேனுக்காகக் கழற்றிய கம்மலைத் திரும்பப் போட முயன்றாள். திருகாணி விரலில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. கணவர் அதை எடுத்து மாட்டிவிட்டார். பழகிய கை.

"கை எவ்வளவு நாளா இப்படி இருக்குதும்மா?"

"ரொம்ப மாசமாவே இருக்குதுங்க மேடம். சின்ன பின்னெல்லாம் சொருக வரல, பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. சுகர் இருக்குது, அதனாலன்னு சொன்னாங்க."

"கழுத்து வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

இடுப்புப் படத்தில் பெரிதாக எதுவும் இல்லை. அப்படியே இருந்திருந்தாலும், இடுப்பில் உள்ள கோளாறு கையைக் கெடுக்காது. கைக்கும் காலுக்கும் பொதுவான இடம் கழுத்து. முன்பு வண்டியிலிருந்து விழுந்தபோது எடுத்த கழுத்து எக்ஸ்ரே கணவரின் பையில் இருந்தது. எலும்பு முறிவு இல்லை என்று அப்போது சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் உருவம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், மில்லிமீட்டரை அப்படியே நம்ப முடியாது. அதனால் கழுத்தெலும்பின் அகலத்தையும், அதன் பின்னால் தண்டுவடம் இறங்கும் வழியின் அகலத்தையும் அளந்து ஒப்பிட்டேன். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இவளுக்கு வழி, எலும்பில் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தது. இப்படிக் குறுகிய வழியோடு எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்பவர்கள் உண்டு. ஆனால் இவள் கையை நான் பார்த்துவிட்டேன். அவளுடைய டாக்டரைப் போனில் கூப்பிட்டேன்.

"கழுத்து வலியே இல்லைங்கறாங்களே மேடம். எதுக்கு இன்னொரு ஸ்கேன்?"

"வலி இல்லாமலே தண்டுவடம் நசுங்கும் சார். ஒரு தடவை ரிஃப்ளெக்ஸ் தட்டிப் பாருங்க."

அவர் ஒப்புக்கொண்டார். "சரி, அனுப்புங்க."

அவர் தட்டிப் பார்த்ததில் கையும் காலும் அளவுக்கு மீறித் துள்ளியிருக்கின்றன; மதியமே கழுத்து எம்.ஆர்.ஐ. சீட்டோடு திரும்பி வந்தார்கள். படத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தண்டுவடம் இறங்கும் வழி பத்து மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே நாங்கள் கவலைப்படுவோம். அவளுக்கு மிகக் குறுகிய இடத்தில் ஆறு. தண்டுவடம் நாடாபோலத் தட்டையாகி, உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு. அடிபடத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம் அது. தயக்கமில்லாமல் எழுதிக் கையெழுத்திட்டேன்.

"ஆபரேஷன் பண்ணா கை சரியாயிடுங்களா?" என்று கணவர் கேட்டார்.

"இதுக்கு மேல கெடாம நிறுத்தறதுதான் முதல் வேலை. போனதுல எவ்வளவு திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாதுங்க."

இருவரும் தெலுங்கில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் என்னைப் பார்த்து, "பண்ணிக்கறேங்க" என்றாள்.

பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. சில மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தபோது யாரையும் பிடிக்காமல் நடந்து வந்தாள். விரல் நுனிகளில் மட்டும் மரப்பு மிச்சமிருந்தது. புதிய படத்தில் தண்டுவடத்துக்கு இடம் கிடைத்து, அதைச் சுற்றி நீர் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அவள் பார்க்க வேண்டும் என்றாள். திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இத்தனூண்டு இடந்தானுங்களா?" என்றாள்.

கணவர் செல்போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார்.