வைரக்கண்ணு ஒட்டிய ஒன்றாம் நம்பர்

குரும்பலூர் வைரக்கண்ணு இருபது வருடம் கிணற்றுக்குச் சிமெண்ட் வளையமான உறை இறக்கியவர். இடுப்பு போன பிறகு பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத் தற்காலிக உதவியாளராக வந்தார். தற்காலிகம் ஆறு வருடமாக நடக்கிறது.

வடதுருவக் கடலின் அடியில் குழாய் செருகி எடுத்த சேறு அந்தக் கூடத்துக்கு வந்தது. அதை ஒரு விரல் கனத்துக்கு நறுக்கி, தட்டில் வைத்து, நம்பர் ஒட்டியவர் வைரக்கண்ணு. கடல் உறைந்தால் அந்தப் பனிக்கட்டியில் ஒரு பாசி வளருமாம். அதன் மிச்சம் ஒவ்வொரு தட்டிலும் எவ்வளவு என்று பேராசிரியர் அமலோற்பவமேரி இரண்டு வருடம் எண்ணினார்.

"மனுஷன் கை வைக்கிறதுக்கு முன்னாடி, ஆறாயிரம் வருஷமா அந்தப் பக்கம் தானாவே குளுந்துகிட்டு வந்துச்சு, வைரக்கண்ணு," என்றார் ஒரு நாள். முகமெல்லாம் பல். "அப்ப பனி கூடுச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நம்ம சேத்துல கொறஞ்சிருக்கு! அடுத்த வாரம் சென்னையில சொல்லப் போறேன். ஒங்கள நிரந்தரமாக்கச் சொல்லி லெட்டரும் எழுதிட்டேன், புதுக் கண்டுபிடிப்புக்கு ஒதவினவர்னு."

வைரக்கண்ணுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் மனைவி ராசாத்தி கேசரி கிண்டினாள். எடுத்து வைத்துக்கொண்டே, "குளுந்தா எப்புடிங்க ஐஸு கொறையும்?" என்றாள்.

"அதான்டி கண்டுபிடிப்பு," என்றவர் இரண்டாவது வாய்க் கேசரியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டார். உறைக்கிணற்றில் முதலில் இறக்குகிற உறைதான் அடியில் போய் உட்காரும். அதில்தான் ஒன்று என்று எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தில் சேற்றின் அடித்துண்டுக்கு ஒன்று என்று ஒட்டிவிட்டிருந்தார். மேடமோ ஒன்று என்றால் மேல்துண்டு, புதுச் சேறு என்று எண்ணியிருக்கிறார். ஆறாயிரம் வருடமும் தலைகீழ்.

சேற்றின் வயதுச் சோதனை முடிவு வந்தால்தான் தவறு வெளியே தெரியும்; அதற்கு மூன்று மாதம் ஆகும். லெட்டர்படி வேலை ஒரு மாதத்தில் நிரந்தரமாகிவிடும். சும்மா இருந்தால் போதும். அந்த மனுஷனுக்கு அதுதான் வராது. சென்னையில் நாலு பேர் முன்னால் மேடம் அசிங்கப்படுவாரே என்றுதான் யோசித்தார்.

மறுநாள் காலையில் போய் நின்றார். "மேடம், நம்பர அடியிலேர்ந்து போட்டுட்டேங்க."

மேடம் எழுந்து போய்த் தட்டுகளின் நம்பர்களைப் பார்த்தார். பிறகு வரைபடத்தைத் திருப்பி வரைந்தார். குளிரக் குளிரப் பனி கூடியிருந்தது, ஊர் உலகம் சொன்ன மாதிரியே.

"போச்சு போங்க," என்றார். "ரெண்டு வருஷம் எண்ணி, எல்லாருக்கும் தெரிஞ்சதக் கண்டுபிடிச்சிருக்கேன்."

லெட்டரைக் கிழிப்பார் என்று வைரக்கண்ணு காத்திருந்தார். கிழிக்கவில்லை. புதுக் கண்டுபிடிப்பு என்ற வரியை அடித்துவிட்டு, 'தன் தவற்றைத் தானே வந்து சொன்ன நேர்மையாளர்' என்று எழுதி ஆபீசுக்கு அனுப்பினார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. ஆய்வில் தவறு செய்ததாகப் பேராசிரியரே எழுத்துமூலம் தெரிவித்திருப்பதால், மேற்படி உதவியாளர் மூன்று நாளுக்குள் விளக்கம் அளிக்க வேண்டுமாம்.