திருப்பிக் கொடுக்க வேண்டிய யானை

பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டில் ஒரு யானை இருந்தது. கட்டைவிரல் அளவுதான். பொன்னில் செய்து வெள்ளை எனாமல் பூசியது. முதுகில் கோபுரம், விலாவில் வைரச் சிலுவை, கழுத்தில் ஈட்டியோடு ஒரு கறுப்புப் பாகன். ஒரு வெள்ளைக்கார ராஜா கொடுத்த பட்டத்தின் அடையாளமாம். வெள்ளைக்கார ராஜாவின் யானையையும் ஓட்டுகிறவன் கறுப்பன்தான் என்று முதல் நாள் சிரித்தேன். வீட்டுக்காரம்மாவான சிஞ்ஞோரா சிரிக்கவில்லை.

அவர் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடியில் தனியாக இருந்த விதவை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான்தான் அவருக்குச் சமைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்தேன். யானையின் கதையை அவர் மாடத்தில் வைத்திருந்த மாதா சுருவத்துக்கு முன்னால் இருந்துதான் சொல்லுவார். முன்னொரு காலத்தில் டென்மார்க் ராஜா ஒருவர் மாதாவின் பெயரில் ஒரு சபை தொடங்கினாராம். ராஜாக்கள், இளவரசர்கள், பெரிய பிரபுக்கள் என்று ஒரு சிலருக்குத்தான் அதில் இடம். அடையாளம் யானை. பிறகு அந்த நாடு வேதம் மாறியது, சபையும் அரசர் கொடுக்கும் வீரப் பட்டமாக மாறிவிட்டது. மாதாவை விட்டுவிட்டு யானையைப் பிடித்துக்கொண்ட சனத்தை நான் அதற்கு முதல் கேள்விப்பட்டதேயில்லை.

பட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வாங்கியவர் செத்தால் யானையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சிஞ்ஞோராவின் கணவருடைய பாட்டனார்தான் அதை வாங்கியவர். அவர் செத்தபோது, கடலில் தொலைந்துவிட்டது என்று டென்மார்க்குக்குச் சொல்லிவிட்டு, வீட்டார் யானையை மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சிக்குள் வைத்துக்கொண்டார்கள்.

இதய நோய் முற்றிய பிறகு அந்தப் பொய் சிஞ்ஞோராவைத் தூங்கவிடவில்லை.

"இதோடு செத்தால் பாவம் தீரும்வரை உத்தரிக்கிற தலத்தில் கிடந்து வேகவேண்டும். உன் தம்பி டென்மார்க்கில்தானே இருக்கிறான்? அவனிடம் அனுப்பி அரண்மனையில் கொடுக்கச் சொல்லு" என்றார்.

"நீங்கள் தந்ததென்று ஒரு துண்டு எழுதித் தாருங்கோ."

"எழுதினால் குடும்பத்தின் மானம் போய்விடும்."

கோயிலில் பூசை வைக்கிற சுவாமியிடம் கொடுக்கலாமே என்றேன். அதுவும் மாட்டாராம். கணவரின் அண்ணன் மகனும் சுவாமியும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறவர்களாம். குடும்பத்தின் மானம் சிஞ்ஞோராவுக்குப் பெரிது. என் மானத்தைப் பற்றி அந்த மனிசி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, உனக்கென்ன விசரே? என்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. வைர ஆனையோடை அரண்மனை வாசலிலை போய் நிண்டா, ஆனையை உள்ளுக்கு எடுத்துப்போட்டு என்னைத்தான் திருப்பி அனுப்புவாங்கள்."

சரியாகத்தான் சொன்னான். எனக்கும் பெர்மெசோ, அதுதான் இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்க வேண்டிய நேரம். ஏலாது என்று சிஞ்ஞோராவிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.  சில நாள் கழித்து ஒரு பின்னேரம் நான் புறப்படும்போது என் கையைப் பிடித்து, "போய் வா, மகளே" என்றார். கோபம் ஆறிவிட்டது என்று நம்பினேன்.

பல்லரோ சந்தையில் கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பிரான்காச்சோவிலிருந்த என் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். முகத்தைத் துடைக்க லேஞ்சியை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். அடியில், குசினியில் பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றியபடி, யானை.

துணியை மறுபடி சுற்றி, பையை மடியில் இறுக்கிப் பிடித்தேன். பொலிஸ் மறித்தால் நான் என்ன சொல்லுவேன்? யார் நம்புவார்கள்? தன் ஆன்மாவைக் காப்பாற்ற என் பிழைப்பைப் பணயம் வைத்துவிட்டாரே என்று மனதுக்குள் திட்டினேன். அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பினேன். யானையை அவர் மடியிலேயே எறிந்துவிட்டு வேலையை விடுவது என்றுதான் போனேன்.

கதவு திறந்து கிடந்தது. டொக்டர் வெளியே வந்துகொண்டிருந்தார். சிஞ்ஞோரா போய்விட்டார். யானை டென்மார்க்குக்குப் புறப்பட்டுவிட்டது என்ற நிம்மதியோடு கண்ணை மூடியிருப்பார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சிஞ்ஞோராவைப் பார்க்க வந்து டொக்டரைக் கூப்பிட்ட அந்த அண்ணன் மகன் அங்கே நின்றார். "உடுப்பு மாற்றிவிடு" என்று சொல்லிவிட்டு அறைக்கு வெளியே போனார். கதவைச் சாத்தினேன். லாச்சியில் திரும்ப வைத்தால் பொய் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். அவர் கையில் கொடுத்தால், எங்கே எடுத்தாய் என்பார். சிஞ்ஞோராவுக்குக் கறுப்பு உடுப்பு உடுத்தி, கையில் செபமாலையைச் சுற்றினேன். யானையைக் கோக்கும் நீல நாடா லாச்சியிலேயே கிடந்தது. அதில் கோத்து யானையை அவர் நெஞ்சில் வைத்தேன். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டேன்.

அயலவர்கள் வந்தார்கள், சுவாமி வந்தார். மேல்மாடிக் கிழவர் பழைய பதக்கங்களில் பைத்தியம் பிடித்தவர். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது டென்மார்க் யானையல்லவா? கடலில் தொலைந்தது என்றார்களே?"

எல்லோரும் அண்ணன் மகனைப் பார்த்தார்கள். அவர் சுவாமியை ஒருதரம் பார்த்தார்.

"கிடைத்துவிட்டது. திருப்பி அனுப்பப் போகிறோம்" என்றார்.

சுவாமிக்கும் அது கேட்டது. எனக்கு அது போதும். உண்மையில் அனுப்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சனம் கலைந்த பிறகு அண்ணன் மகன் குசினிக்கு வந்தார்.

"அதை யார் வைத்தது?"

"நான்தான். திருப்பிக் கொடுக்கச் சொல்லி சிஞ்ஞோராதான் தந்தவர்."

 அவர் கதிரையில் இருந்த என் பையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். வேறென்ன எடுத்தாய் என்று வாய்விட்டுக் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. பையைத் தூக்கி மேசையில் கவிழ்த்துக் கொட்டினேன். பச்சை மிளகாய், லேஞ்சி, பெர்மெசோ, கத்தரிக்காய். ஒரு கத்தரிக்காய் உருண்டு விழுந்து அவருடைய சப்பாத்தடியில் போய் நின்றது. அவர் அசையவில்லை. நான்தான் குனிந்து எடுத்தேன்.