சேம்பிள் கோப்பை

நீலாவதி பீங்கான் பட்டறையில் கோப்பைகளைக் கிளேசு என்கிற பளபளப்புப் பூச்சுக் கலவையில் முக்குகிறவள். புதுக் கலவை வந்தால் முதலில் ஒரே ஒரு சேம்பிள் கோப்பையை முக்கிச் சூளையில் வைப்பார்கள். அது விரிசலில்லாமல் பளபளவென்று வெளியே வந்துவிட்டால், மறுநாள் சூளை நிறைய அதே கலவைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான்.

மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கியதும் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது.

"என்னா நீலாவதி, சூளைக்குள்ள தலைய வுட்டுட்டியா?" என்றார் மேஸ்திரி சுப்புராயன். பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பொங்கலுக்கு மகள் இளமதி வந்தாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. சென்னையில் ஆராய்ச்சி மாணவி. சாப்பிடும்போது தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்கள்மேல், ஆளிவிதை எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலத்தை விட்டார்களாம். நோய் எதிர்ப்புக்கான சில மரபணுக்கள் முன்பைவிட அதிகமாக வேலை செய்தனவாம்.

"அப்பிடின்னா?"

"தூங்கிக்கிட்டிருந்த காவக்காரன் முழிச்சிக்கிட்ட மாதிரிம்மா." அம்மாவுக்குப் புரிகிறபடி சொல்லிவிட்ட பெருமை இளமதிக்கு.

"நல்லா வந்துதா?"

"சூப்பரா வந்துது."

அப்புறம் என்ன? மகள் பஸ் ஏறியதும் நீலாவதி மங்கலம்பேட்டைக்குப் போய் ஆளிவிதை எண்ணெய் வாங்கிவந்தாள். வேளை தவறாமல் குடித்தாள். ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. மகள் போனில் கேட்டால், "போயிட்டுதான் வரேன்" என்றாள். மருந்து நின்றதால் முடி முளைத்தது. முந்தானையை விலக்கி மேஸ்திரியிடம் காட்டினாள். "பாத்துக்குங்க, எம்பொண்ணு வைத்தியம்."

ஆடியில் மூச்சு முட்டியது. இளமதி ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது.

"பாதியில ஏம்மா நிறுத்தினீங்க?" என்றார் டாக்டர்.

நீலாவதி மகளைக் கைகாட்டினாள். "இவ கண்டுபுடிச்சது சார்."

டாக்டர் இளமதியை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச பொண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் இளமதி வெடித்தாள். "அது தட்டுலம்மா! தட்டுல ஒடம்பு ஏது, ரத்தம் ஏது? காவக்காரன் கூவுனா ஓடியாற ஆளே அங்க கெடையாது. உன்னக் குடின்னு நான் சொன்னனா?"

"நல்லா வந்துதுன்னியே."

இளமதி ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அந்தச் செல்லுங்க இப்ப எப்பிடி இருக்குது?"

"சோதனை முடிஞ்சதும் பிளீச்சிங் ஊத்திக் கொட்டிட்டோம்."

நீலாவதி இருமி முடிக்க நேரமாயிற்று. "எங்க பட்டறையில சேம்பிள் கோப்பையத் தூக்கிப்போட மாட்டாங்கடி. மேஸ்திரி அதுலதான் டீ குடிப்பாரு."