டாப் கியர் கணவரும் டர்போ காரும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பெருங்களத்தூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் என் கார் நின்றுவிட்டது. கார் மேல் தப்பில்லை. என் மேலும் தப்பில்லை. தப்பு பக்கத்து சீட்டில், சீட் பெல்ட்டெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அஞ்சாவது கியர்லயே ஏறும்... மாத்தாத, மாத்தாத!" என்று சொல்லிக்கொண்டே வந்தார் என் கணவர். கார் உதறியது. முனகியது. அணைந்தே போனது. பின்னால் வந்த பேருந்து அடித்த ஹாரனில் கிளட்ச் எது, பிரேக் எது என்பதே எனக்கு மறந்துவிட்டது.

எங்களை ஒட்டிப் போன ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னாக்கா, வண்டி பேஜார் பண்ணுதா, வூட்டுக்காரர் பேஜார் பண்றாரா?"

இரண்டாவதுதான் என்று சொல்ல நினைத்தேன். எப்படியோ கிளப்பிப் பாலத்தை விட்டு இறங்கியதும், "தள்ளு, நான் ஓட்டறேன்" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக... வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றேன். கற்றது பந்தாவுக்காக அல்ல. கூடுவாஞ்சேரியில் இருக்கும் என் அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வாரா வாரம் வியாழக்கிழமை ஊரப்பாக்கத்தில் பிசியோதெரபி. அவள் பையன் வெளியூரில். "நான் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று வாய் கொடுத்துவிட்டேன். கொடுத்த வாய்க்காக வாங்கியதுதான் இந்த கார் - இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த சின்ன இன்ஜின், செகண்ட் ஹேண்ட்.

விற்றவள் ஜெனிபர். பள்ளிக்கரணையில் இருந்தவள், கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததால் மனசில்லாமல் விற்றாள். மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் பள்ளிக்கரணை வண்டி என்றதும் எங்கள் செம்பாக்கம் தெருவில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கார் வந்த அன்று ஆளாளுக்கு வந்து மோந்து பார்த்தார்கள்! எதிர்வீட்டு பஷீர் பாய் காருக்குள் கிடந்த மிதியடியைத் தூக்கி மூக்கை வைத்தார். மாடி வீட்டு டீச்சர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சேறு படிந்த கோடு இருக்கிறதா என்று தேடினார். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தவர்கள் தனி. மற்ற ஊர்களில் புது காருக்கு ஸ்வீட் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில், "தண்ணி ஏறின வண்டியா?" என்று கேட்பார்கள். ஏறவில்லை என்று தெருவே ஒருமனதாகத் தீர்ப்பு சொன்ன பிறகுதான் டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன்.

ஜெனிபர் சாவியைக் கொடுக்கும்போது பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அம்மா மாதிரி ஆகிவிட்டாள். "ஆன்ட்டி, முதல் வேலையா ஆயில் மாத்திடுங்க. போன மாசம்தான் மாத்தினேன்னு நான் சொன்னாலும் நம்பாதீங்க. கம்பெனி சொல்ற ஆயில் மட்டும்தான். காலைல ஸ்டார்ட் பண்ணதும் விரட்டாதீங்க, சூடாகட்டும். தூரம் ஓட்டிட்டு வந்தா டக்குனு ஆஃப் பண்ணாதீங்க, ஒரு நிமிஷம் ஓடட்டும். டர்போ தகிச்சுக்கிட்டு இருக்கும். ஏத்தத்துல பெரிய கியர் போட்டு அழவைக்காதீங்க. விசில் மாதிரி சத்தம் புதுசா கேட்டாலோ, நீலமா புகை வந்தாலோ தள்ளிப்போடாம காட்டுங்க..."

விற்கிறவளே தன்னை நம்ப வேண்டாம் என்று சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. பழைய டர்போ வாங்கப் போகிற வாசகர்கள் அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஏர் ஃபில்டரையும், டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நம் ஊர்த் தூசிக்கு இரண்டுமே சீக்கிரம் பல்லைக் காட்டும்.

எல்லாம் சரி. ஆனால் என் கணவரை எப்படிப் பராமரிப்பது என்று ஜெனிபர் சொல்லவில்லையே!

அவர் மைலேஜ் பக்தர். டாப் கியரில் போனால் பெட்ரோல் மிச்சம் - இதுதான் அவருடைய மதம். முன்பு வைத்திருந்த பழைய காரை ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்தபடி ஐந்தாவது கியரில் ஓட்டியவர். மேம்பால இறக்கத்தில் நியூட்ரல். சிக்னலில் ஆஃப். வீட்டுக்கு வரும்போது தெரு முனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே கேட் வரைக்கும் உருட்டிக்கொண்டு வருவார். ஸ்டியரிங் கல்லாக இறுகும், பிரேக் பிடிக்க முரண்டு பண்ணும்... கவலையே பட மாட்டார். "பாத்தியா, ஒரு சொட்டு செலவில்ல" என்று இறங்குவார். தெருவில் இதற்கு ரசிகர்கள் வேறு!

சாவி கை மாறிய பிறகு டர்போ காருக்கும் இதே வைத்தியம் நடந்தது. நான் ஓட்டவே இல்லை. பயம்தான், வேறென்ன? ராத்திரி படுத்தால் அந்தப் பேருந்து ஹாரன் காதில் கேட்டது. அவருக்கோ ஒரு வியாழன் பேங்க் வேலை, இன்னொரு வியாழன் தலைவலி. அக்கா ஆட்டோவில் போனாள். பள்ளத்தில் விழுந்து எழுந்து போய் வந்ததில் முட்டி இன்னும் வீங்கியது. கடைசியில் போனில் சொல்லிவிட்டாள். "வேணாம்டி, விட்டுடறேன். நொண்டிக்கிட்டே இருந்துட்டுப் போறேன். யாரு யாரைக் கூட்டிட்டுப் போறது?"

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. கார் வாசலில் நிற்கிறது. லைசென்ஸ் பையில் இருக்கிறது. அக்கா நொண்டுகிறாள். எதற்கு நான் கற்றுக்கொண்டேன்?

இதற்கிடையில் கணவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "இந்த வண்டி இழுக்கவே இல்ல. உன் ஜெனிபர் தலைல கட்டிட்டா. வித்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஜெனிபர் வீடியோ காலில் வந்தாள். அவள் என்னை நலம் விசாரித்து முடித்துவிட்டுக் காரையும் விசாரிப்பாள். "ஸ்டார்ட் பண்ணுங்க ஆன்ட்டி, சத்தம் கேக்கணும் போல இருக்கு." நான் தயங்கித் தயங்கி, வண்டி இழுக்கவில்லையாம் என்றேன்.

"எந்த கியர்ல ஏத்தறீங்க?"

கணவர் பின்னாலிருந்து பெருமையாக எட்டிப் பார்த்தார். "டாப்லதாம்மா. மேம்பாலத்துல கூட மாத்த மாட்டேன்!"

ஜெனிபர் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், உங்களை மூக்கைப் பொத்திக்கிட்டு மாடி ஏறச் சொன்னா ஏறுவீங்களா? இன்ஜின் வேகமா சுத்தினாதான் டர்போவுக்குக் காத்து கிடைக்கும், ஏத்தத்துல மூணாவதுக்கு இறக்குங்க."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. மூணாவதுல ஏத்தினா பெட்ரோல் என்ன ஆகும்? மைலேஜ்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மீட்டர்லயே ஆவரேஜ் காட்டும் அங்கிள். அழிச்சுட்டு ஒரு நாள் நீங்க ஓட்டுங்க, ஒரு நாள் ஆன்ட்டி ஓட்டட்டும். ஒரே ரூட். யாருக்கு அதிகமோ அவங்க கையில வண்டி. சரியா?"

மைலேஜ் போட்டிக்கு என் கணவரைக் கூப்பிட்டால் மாட்டேன் என்பாரா? சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். எனக்குத்தான் பயம். தோற்றால் சாவி அவருக்கு. அதற்குப் பிறகு காருக்கு ஆள் பார்ப்பார். அக்கா நொண்டுவாள்.

வீட்டிலிருந்து வண்டலூர் உயிரியல் பூங்கா வாசல் வரை போய்த் திரும்புவது என்று முடிவு. முதல் நாள் அவர். ஏசியை அணைத்தார். கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்குமாம், அதனால் அதையும் ஏற்றிவிட்டார். சென்னை வெயிலில் இருவரும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி போய் வந்தோம். வழக்கம்போல ஐந்தாவது கியர். வழக்கம்போல உதறல். ஆக்சிலேட்டரை அவர் மிதித்த மிதியில் மட்டும் சிக்கனமே இல்லை!

மறுநாள் நான். ஒரே நிபந்தனை - அவர் வாயைத் திறக்கக் கூடாது. ஏசியைப் போட்டேன். பெருங்களத்தூர் மேம்பாலம் வந்ததும் கியரைக் குறைத்தேன். நான்காவது... மூன்றாவது... பக்கத்து சீட்டில் அவர் கால், அங்கே இல்லாத கிளட்ச்சை மிதித்தது. உதட்டை இறுக்கிக்கொண்டார். கார் ஒரு தடவைகூட முனகவில்லை. என் முதுகை சீட்டோடு அழுத்திக்கொண்டு ஜம்மென்று ஏறியது! நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

வீட்டு வாசலில், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோதே அவர் மீட்டரைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சுகர் டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்க்கும்போது போகுமே, அப்படிப் போனது முகம்.

"மீட்டர் கோளாறு" என்றார்.

ஆனால் மறுநாள் காலையில் காபியோடு சாவியையும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். "வியாழக்கிழமை உங்க அக்காவுக்கு பிசியோ இருக்குல்ல? நானும் கூட வரணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். நல்ல மனிதர். டாப் கியர்தான் அவரைக் கெடுத்துவிட்டது.

யோசித்துப் பார்க்கிறேன். நம் வீடுகளில் பெண்கள் எங்கேயாவது 'போகிறோமா' என்ன? டிராப் பண்ணப்படுகிறோம். பிக்கப் பண்ணப்படுகிறோம். கூரியர்தான் நாம்... கதவைத் திறந்துவிட ஆள் வரும்வரை காத்திருக்கும் கூரியர். அண்ணன் டிராப் பண்ணுவான், அப்புறம் புருஷன், அப்புறம் பையன். யாருக்கும் நேரமில்லை என்றால் முட்டி வலியோடு வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

இந்த வியாழக்கிழமை நான் மட்டும் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்திருந்தாள். குனிந்து முன் சீட்டைப் பார்த்தாள்.

"யாருடி கூட்டிட்டு வந்தது?"

"நானே வந்தேன்க்கா."

நம்பவில்லை. பின் சீட்டையும் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும், மெல்ல ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ரகசியக் குரலில் கேட்டாள்.

"பிசியோ முடிச்சுட்டு கோவளம் பீச்சுக்குப் போலாமாடி? யார்கிட்டயும் கேக்க வேணாம்ல?"