ஆய்வுக்கூடக் கதவில் ஒரு மன்னிப்புக் கடிதம்

காலை எட்டு மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து மழையளவு வந்தது. தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்தும் வந்தது. எங்கள் மலேசிய ஈப்போவிலிருந்து மட்டும் வரவில்லை. அதை அனுப்பும் ஸ்டெல்லா அக்கா ஒருநாளும் தாமதித்தவரல்லர். அழைக்கலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். அதற்குள் அவர் மகள் அழைத்துவிட்டாள். “அங்கிள், அம்மா காலையில எந்திரிக்கவே இல்ல.”

எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அக்கா தொழில்நுட்ப உதவியாளர், நான் விரிவுரையாளர். அவரை அறிந்து, இன்று நினைவுகூரக் கூடியிருக்கும் உங்களுக்கு, எங்கள் இருவரில் யார் யாருக்கு அடங்கி நடந்தோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மழைக் கணக்கை ஒன்றுசேர்த்து வெள்ளத்தை முன்கூட்டியே சொல்வது என்று கூடினோம். பருவநிலை தாறுமாறாகிவிட்ட காலத்தில் ஒருவர் கணக்கு மட்டும் போதாது. நாங்கள் எங்கள் பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களின் மழைப் பதிவேடுகளைக் கொடுத்தோம். சேர்த்துப் பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. ஒரே மழை மேடானில் ஒருநாள், இங்கே மறுநாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “உங்கள் தேதிகள் எல்லாம் தவறு” என்று மேடானுக்கு எழுதித் தள்ளினேன். அவர்கள் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். கூட்டு முறியும் நிலை.

அக்கா ஒரு பதிவேட்டைத் தூக்கிவந்து என் மேசையில் போட்டார். “தப்பு நம்ம பக்கம் லா, டாக்டர்.”

அவர் அப்பா சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் மழை அளந்தவர். “காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு ஆள் கூடுறதுக்கு முன்னுக்கு அளப்பாரு. இன்னைக்குப் பாலெடுக்க மரம் வெட்டலாமா வேணாமான்னு தொரைக்குச் சொல்லணும்ல? அதான் நேத்து பேஞ்ச மழைய இன்னைக்குத் தேதியில எழுதிருவாரு. எல்லாத் தோட்டத்துலயும் இதே கதைதான்.”

நான் மல்லுக்கு நின்றேன். எங்கள் தேதிகளை முந்தைய நாளுக்கு நகர்த்திக் காட்டினார். அத்தனையும் அச்சாகப் பொருந்தின.

“மன்னிப்புக் கேட்டா டாக்டர் பட்டத்தப் புடுங்கிருவாங்களா? எழுதுங்க. மலாய்லயே எழுதுங்க, அவங்களுக்குப் புரியும்.”

எழுதினேன். மேடானிலிருந்து அன்றே சிரிப்போடு பதில் வந்தது. அக்கா என் கடிதத்தை அச்செடுத்து ஆய்வுக்கூடக் கதவில் ஒட்டிவிட்டார். மானம் போகிறதே என்று கத்தினேன். “பெரியவங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஆபீசுல தொங்குது. நம்ம ஒப்பந்தம் இதுதான், இருக்கட்டும்” என்றார்.

அதற்குப் பிறகு மூன்று நாட்டிலும் ஒரே நேரத்தில் அளக்கிறோம், ஒரே முறையில் தேதியிடுகிறோம். கடந்த மழைக்காலத்தில் எங்கள் எச்சரிக்கையைக் கேட்டு ஆற்றோரக் கம்பத்துக் கிராம மக்கள் ஒருநாள் முன்னதாகவே குழந்தைகளோடு மேட்டுக்குப் போய்விட்டார்கள். செய்தி கேட்டு அக்கா எல்லாருக்கும் கரிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்த வாரம், புதிதாகச் சேர்ந்த பல்கலைக்கழகம் ஒன்று அனுப்பிய அளவுகள் துளியும் பொருந்தவில்லை. சுடச்சுட நாலு வரி தட்டினேன், இன்னும் அனுப்பவில்லை. காற்று வாங்க எழுந்து போனவன், கதவில் என் கடிதத்தைப் பார்த்தேன். ஓரமெல்லாம் பழுத்துவிட்டது, ஒட்டுநாடா மட்டும் புதிது. போவதற்கு முந்தைய வாரம்தான் அக்கா மாற்றியிருக்கிறார். அங்கேயே நின்று அழுதேன்.

திரும்பி வந்து நாலு வரியையும் அழித்தேன். ஒன்றே ஒன்று கேட்டேன்: “நீங்கள் எத்தனை மணிக்கு அளக்கிறீர்கள்?”

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேள்வி. கடிதம் கதவிலேயே இருக்கும்.