சைக்கிள் கரியரில் ஏறிய மெயில்

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, மெயிலை எதில் பார்ப்பது என்று மேலதிகாரி மிஸ்ஸுடன் வாதாடினேன். சுனாமி அடித்துச் சில வாரங்கள்தான். டெலிபோன் லைனில்தான் இன்டர்நெட். வெப்மெயில் பக்கம் திறப்பதற்குள் லைன் விழுந்துவிடும்.

"கம்ப்யூட்டருக்குள்ளயே மெயில் புரோகிராம் போட்டுத் தாறன் மிஸ். ஒருக்கா இறக்கினா, லைன் இல்லாமலும் வாசிக்கலாம்."

"சேர்வரில ஒரு கொப்பி கிடக்கட்டும் தம்பி."

"இடம் நிரம்பிரும் மிஸ்" என்று சொல்லி, கொப்பி வைக்கும் செட்டிங்கை நிறுத்திவிட்டேன். பெரிய மேதை நான்! வாகரை மீனவர்களுக்கு வள்ளம் தர வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஒப்புக்கொண்ட மெயிலும் அந்த ஒரே சிபியூவுக்குள் போய் உட்கார்ந்தது.

ஒரு நாள் பகல், ரோட்டில் சனம் கத்திக்கொண்டு ஓடியது.

"கடல் வருது! கடல் வருது!"

அந்த நாட்களில் இந்தச் சத்தம் கேட்டால் யாரும் நின்று விசாரிப்பதில்லை. கல்லடிப் பாலத்தைத் தாண்டி டவுன் பக்கம் ஓடுவோம். நான் வயர்களைப் பிடுங்கி, சிபியூவைச் சைக்கிள் கரியரில் பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தேன். மனைவி வசந்தி நிறைமாதம். வாசல் படலையடியில் ஆயத்தமாக நின்றவள் கரியரைப் பார்த்தாள்.

"நான் எதில ஏறுற?"

"முன்னுக்குப் பாரில இரு புள்ள."

"இந்த வயித்தோடயா? உங்களுக்கென்ன விசரா?"

டியூப்பை அவிழ்க்கப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோக்கார யோகன் அண்ணன் அவளை ஏற்றிக்கொண்டு, "டேய், நீயும் ஏறன்" என்றார்.

"அவர் மெயிலோட வருவார். நீங்க எடுங்க அண்ணே" என்றாள் வசந்தி.

பாலம் முழுக்கப் பிள்ளைகளை இடுப்பில் வைத்த சனம். நான் மட்டும் சிபியூவோடு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடல் வரவில்லை. அடுத்த நாள் சிபியூவைப் போட்டால் ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்றது, அவ்வளவுதான். பள்ளமும் திட்டியுமான ரோட்டில் குலுங்கியே செத்திருக்க வேண்டும். "சேர்வரில கொப்பி?" என்று மிஸ் கேட்டார். வெளிநாட்டுக்குப் போன் அடித்து, அந்த மெயிலைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கெஞ்சினோம். வந்தது, வெப்மெயிலில். வள்ளங்களும் பிந்தித்தான் என்றாலும் வந்தன. வசந்திதான் மகள் பிறந்து நடக்கும்வரை என் சைக்கிளில் ஏறவே இல்லை.

பிறகு கிழக்கில் யுத்தம் முடிகிற காலத்தில் சனமும் இடம்பெயர்ந்தது, அலுவலகமும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. நான் எதையும் தூக்கவில்லை. போன இடத்தில் வெப்மெயிலைத் திறந்தேன். இப்போது வேலைக்கு வருகிற பொடியன்கள் வெப்மெயிலா, மெயில் புரோகிராமா, எது நல்லது என்று கேட்டால், வேகம், இடம், பாதுகாப்பு என்று பெரிய ஆள் மாதிரி விளக்குவேன். வசந்தி பக்கத்தில் இருந்தால் அதற்கும் விடமாட்டாள்.

"கரியர் வெறுமையாக் கிடக்கோணும் எண்டு சொல்லுங்களன்."