பக்கத்துப் படுக்கையில் டேனியல்

தாம்பரம்–பீச் மின்சார ரயிலைச் சாம்பசிவன் ஓட்டிய காலத்தில் டேனியல்தான் கார்டு. ஒருவர் முன்கோடியில், மற்றவர் பின்கோடியில். பீச் வந்ததும் இருவரும் இடம் மாறிக்கொள்ள எதிரெதிரே நடப்பார்கள். நடு பிளாட்பாரத்தில் ஒரு பன்னைப் பிய்த்து ஆளுக்குப் பாதி. டேனியலுக்குப் பெண் பார்த்த கதை முழுவதையும் சாம்பசிவன் அப்படி நின்றபடியேதான் கேட்டார்.

ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து, சேலையூர் டயாலிசிஸ் சென்டரில் பக்கத்துப் படுக்கையில் டேனியலைப் பார்த்ததும் சாம்பசிவனுக்குச் சிரிப்பு வந்தது. இருவரின் சிறுநீரகத்தையும் சர்க்கரை கெடுத்திருந்தது. அதன்பின், ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும் நேரமெல்லாம் பழைய பேச்சுதான்: வெள்ளத்தில் நின்றுபோன வண்டி, கோடம்பாக்கத்தில் ஏறிய கல்யாணக் கோஷ்டி.

தனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல் என்பதில் டேனியலுக்குப் பெருமை. பஜ்ஜிக்கு அதுவே அனுமதி.

ஒருநாள் வெள்ளக் கதையில் வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில் டேனியல் சிரிக்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"இன்னா டேனியல்?"

"ஒண்ணுமில்ல அண்ணா, கேஸ் டிரபிள்."

சாம்பசிவன் நம்பவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார். ஈ.சி.ஜி. எடுத்த கையோடு ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் அடைப்பென்று, குழாயை விரித்துவைக்க ஸ்டென்ட் வைத்தார்கள்.

கொலஸ்ட்ரால் நார்மலாக இருந்தும் எப்படி என்று சென்டர் டாக்டர் ஹேமாவதியிடம் கேட்டார் சாம்பசிவன்.

"டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு அந்த நம்பர் நல்லாவே காட்டும் சார். ஆனா டிரைகிளிசரைடுங்கிற கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு குறையும். ரத்தக்குழாயும் கெட்டியாகும். அந்த ஒரு நம்பரை நம்பி, தாடைக்கு ஏறுற நெஞ்சுவலியை கேஸ்னு மறைக்கக்கூடாது."

சாம்பசிவனுடைய ரத்தப் பரிசோதனையும் அப்படியே வந்தது. அப்போதுதான், மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்குவதை மனைவி காந்திமதியிடம் முதன்முதலாகச் சொன்னார். ஏன் இத்தனை நாள் மறைத்தீர்கள் என்று அவர் கோபித்துக்கொண்டு, அன்றே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க அழைத்துப்போனார். இதயம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மாத்திரையை மாற்றினார்கள், குடிக்கும் தண்ணீரை இன்னும் குறைத்தார்கள்.

டேனியல் இளைத்துத் திரும்பி வந்தார். உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு, டயாலிசிஸ் இல்லாத ஒரு மாலையில் இருவரும் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பீச் வண்டி நின்றிருந்தது. மேம்பாலப் படியில் பாதியிலேயே சாம்பசிவன் கைப்பிடியைப் பிடித்து நின்றார்.

"மூச்சு வாங்குதா அண்ணா?"

"ஆமாம்பா, கொஞ்சம்."

அந்த வண்டியைப் போகவிட்டு இருவரும் படியிலேயே உட்கார்ந்தார்கள்.